சுவருக்கு எத்தனை லிட்டர்?

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம் என்று வாயைத் திறந்தால் போதும், அடுத்த கேள்வி "என்ன கலர்?" என்பதுதான். எத்தனை லிட்டர் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கலர் நம்ம வேலை, லிட்டர் பெயிண்டர் வேலை என்று எழுதாத ஒப்பந்தம் ஒன்று நாடு முழுக்க இருக்கிறது போல. கலருக்கு மூணு வாரம் சண்டை போடுகிற குடும்பங்கள் லிட்டருக்கு மூணு நிமிஷம் கூடச் செலவழிப்பதில்லை. பணம் போவதென்னவோ லிட்டரில்தான்.

எங்களுக்கு இந்தக் கணக்கில் இறங்க வேண்டிய கட்டாயம் 2023 அக்டோபரில் வந்தது. புனேயில் கோத்ரூட் பக்கம் ஒரு பழைய ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட் வாங்கியிருந்தோம். தொண்ணூறுகளில் கட்டின கட்டடம். பதினோரு மாச வாடகை ஒப்பந்தம் நவம்பர் 10ஆம் தேதியோடு முடிகிறது. ஒரு கையில் வாடகை, இன்னொரு கையில் ஈ.எம்.ஐ. தீபாவளி 12ஆம் தேதி. அதற்குள் பெயிண்ட் அடித்துக் குடி போயாக வேண்டும். இந்தப் பக்கம் தீபாவளிக்கு முந்தின மாசம் பெயிண்டர் கிடைப்பது, நம்ம ஊரில் தை மாசம் கல்யாண மண்டபம் கிடைப்பது மாதிரி.

சொசைட்டியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கான்ட்ராக்டர் வந்தார். வாசலில் நின்றே, "எத்தனை ஸ்கொயர் ஃபீட் ஃப்ளாட்?" என்றார். பத்திரத்தில் இருந்த ஸேலபிள் ஏரியாவைச் சொன்னேன், 860. போன் கால்குலேட்டரில் மூன்றரையால் பெருக்கினார். 3,010 சதுர அடி. லேபர் மட்டும் அடிக்குப் பன்னிரண்டு ரூபாய், ஆக 36,120. பெயிண்ட் நாங்கள் வாங்கித் தர வேண்டும். சுவருக்கு இருபது லிட்டர் பக்கெட் ரெண்டு, சீலிங்குக்கு ஒண்ணு, பட்டி அஞ்சு மூட்டை, மற்றது அப்புறம் சொல்கிறேன் என்றார். மொத்தம் நாலு நிமிஷம். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

இதை அன்று ராத்திரி தங்கமணி போனில் அவங்க அப்பாவிடம் சொல்ல, அங்கேதான் கதை திரும்பியது.

மாமனார் பாளையங்கோட்டையில் இருக்கிறார். பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்களுக்குள் பேச்சு அதுவரைக்கும் "மாப்ள, சாப்டாச்சா?", "ஆச்சு மாமா, நீங்க?" என்கிற அளவோடு சரி. அத்தை போன பிறகு அதுவும் குறைந்து போனது. அன்றைக்கு தங்கமணியிடமிருந்து போனை எனக்குக் கொடுக்கச் சொன்னார்.

"மாப்ள, அந்தாளு டேப் எடுத்தானா?"

"இல்ல மாமா. ஏரியா கேட்டு மூன்றரையால பெருக்கினார்."

"அளக்காம எஸ்டிமேட்டா? எம்-புக் எழுதாம பில்லு போடுறதும் அதுவும் ஒண்ணுதான. நாளைக்கு ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துட்டுப் போயி எனக்கு போன் போடுங்க."

எம்-புக் என்பது மெஷர்மெண்ட் புக். அரசாங்க வேலையில் எந்தச் சுவரும் அதில் நீளம், அகலம், உயரம் என்று ஏறாமல் பணமாக மாறாது. மனுஷன் முப்பது வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவர்.

மறுநாள் காலி வீட்டில் ஸ்பீக்கரில் அவரை வைத்துக்கொண்டு நானும் தங்கமணியும் அளந்தோம். அதில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் விஷயம், ஸேலபிள் ஏரியாவில் பெயிண்ட் அடிக்க முடியாது. அதில் மாடிப்படி, லிஃப்ட், வெளிச்சுவர் எல்லாவற்றிலும் நம்ம பங்கு சேர்ந்திருக்கும். 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் கார்பெட் ஏரியா என்றால் என்ன என்று வரையறுத்தது. வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேராது, உள்ளே இருக்கிற தடுப்புச் சுவர்கள் சேரும். அளந்து பார்த்தால் எங்கள் 860, தரையில் வெறும் 607. மூன்றரை மடங்கு என்பது பெயிண்டர்கள் வழக்கமாக வைத்திருக்கிற குத்துமதிப்பு, தப்பில்லை. ஆனால் அது கார்பெட் ஏரியாவுக்கான மடங்கு. அதைக் கொண்டுபோய் ஸேலபிளில் வைத்தால் லிஃப்டுக்கும் நாம்தான் பெயிண்ட் அடிக்கிறோம்.

ரெண்டாவது, சுவரை அறை அறையாக எடுக்க வேண்டும். நீளமும் அகலமும் கூட்டி, ரெண்டால் பெருக்கி, உயரத்தால் பெருக்கினால் நாலு சுவர். சீலிங் தனி. எங்கள் வீட்டு உயரம் ஒன்பதரை அடி. நோட்டில் ஏறியது இப்படி:

ஹால் 17×11: சுவர் 532, சீலிங் 187.
பெரிய பெட்ரூம் 12×11: சுவர் 437, சீலிங் 132.
சின்ன பெட்ரூம் 11×10: சுவர் 399, சீலிங் 110.
கிச்சன் 10×8: சுவர் 342, அதில் டைல்ஸ் 90 போக 252, சீலிங் 80.
பாத்ரூம் ரெண்டு, 7×4: ஏழடிக்கு மேல்தான் பெயிண்ட், ரெண்டுக்கும் சேர்த்து 110, சீலிங் 56.
நடை 12×3½: ரெண்டு பக்கச் சுவர் 228, சீலிங் 42.

சுவர் 1,958, சீலிங் 607, கூட்டினால் 2,565.

மூணாவது, கதவு ஜன்னல் கழிப்பது. இதில்தான் மாமனார் குஷியாகிவிட்டார். "எல்லாத்தையும் கழிச்சிராதீங்க மாப்ள. அதுக்கு ஒரு நியாயம் இருக்கு." ஐ.எஸ். 1200 என்று கட்டட வேலைகளை அளக்கும் முறைக்கு ஒரு இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. அதன் 13ஆம் பாகம் வெள்ளையடிப்பு, பெயிண்ட் வேலைகளுக்கானது. அரை சதுர மீட்டருக்குள் அடங்கும் திறப்பு, அதாவது பாத்ரூம் வென்டிலேட்டர் மாதிரி, கழிக்கவே கூடாது. அரையிலிருந்து மூணு சதுர மீட்டர் வரைக்கும், ரெண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிக்கணும். மூணுக்கு மேலே போனால் ரெண்டு பக்கமும் கழித்து, ஓரங்களில் சுவரின் கனம் தெரிகிற பட்டையைக் கூட்டிக்கொள்ளணும்.

"ஏன் மாமா ஒரு பக்கம் மட்டும்?"

"கதவைச் சுத்தி ஓரம் இருக்குல்லா? அதை அடிக்கிறதுக்கு ரோலர் போகாது, பிரஷ்ஷுதான். நேரம் ஜாஸ்தி. அந்த மறுபக்கம் கழிக்காம விட்டது அதுக்குக் கூலி."

எத்தனை வருஷம் எத்தனை பேர் சண்டை போட்டு இப்படி ஒரு சமரசத்துக்கு வந்தார்களோ! வேலை செய்பவனுக்கும் பணம் கொடுப்பவனுக்கும் நடுவில் நின்று யோசித்த விதி அது. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது.

அப்படிப் பார்த்ததில் வாசல் கதவு, பெட்ரூம் கதவுகள், கிச்சன் வழி, பாத்ரூம் கதவுகள், நாலு ஜன்னல், பால்கனிக் கதவு எல்லாம் சேர்த்துக் கழிவு 240. பால்கனி ஓரத்துக்குக் கூட்டல் 10. கடைசியில் நின்றது 2,335 சதுர அடி. சுவர் 1,728, சீலிங் 607.

இன்னொன்றையும் கவனித்தோம். 607ஐ மூன்றரையால் பெருக்கினால் 2,124தான் வரும். நிஜ அளவு அதைவிட இருநூறு அடி அதிகம். காரணம், அறை சின்னதாகச் சின்னதாகத் தரைக்குச் சுவர் விகிதம் கூடும். பெரிய ஹால் உள்ள வீட்டுக்கு மூன்றரை மடங்கு ஜாஸ்தி, புறாக்கூடு அறைகளுக்குக் கம்மி. குத்துமதிப்பை நம்பினால் ஒரு தடவை நாம் ஏமாறுவோம், ஒரு தடவை பெயிண்டர் ஏமாறுவார்.

அடுத்தது லிட்டர்.

டப்பாவில் ஒரு எண் போட்டிருக்கும், லிட்டருக்கு இத்தனை சதுர அடி என்று. அது ஒரு கோட்டுக்கா ரெண்டு கோட்டுக்கா என்று முதலில் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி, ரகத்துக்கு ரகம் மாறும். அது வழவழப்பான, உறிஞ்சாத சுவருக்குச் சொன்ன எண் என்பதையும் மனதில் வையுங்கள். நாங்கள் எடுத்த எமல்ஷனில் ஒரு கோட்டுக்கு 120 முதல் 140 என்று இருந்தது. "சின்ன எண்ணை எடுத்துக்கோங்க, மேலே அஞ்சு பர்சென்ட் சேதாரம் போடுங்க" என்றார் மாமனார்.

லிட்டருக்கு 120 சதுர அடி என்றால் என்ன அர்த்தம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஈரத்தில் சுமார் 90 மைக்ரான் கனம். தண்ணீர் போய்க் காய்ந்த பிறகு நிற்பது முப்பது நாற்பது மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் பாதிக் கனம். ரெண்டு கோட் சேர்ந்து ஒரு முடிக் கனம்! அதற்குத்தான் இத்தனை ஆயிரம் ரூபாய். அதனால்தான் தண்ணீர் விஷயமும் முக்கியம். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்று டப்பாவில் இருக்கும். அதற்கு மேலே ஊற்றினால் லிட்டர் மிச்சமாகும், சுவரில் நிற்கிற முடிக் கனமும் மிச்சமாகிவிடும். ஒருவர் ரொம்பக் கம்மி லிட்டரில் முடித்துத் தருகிறேன் என்றால், சந்தோஷப்படும் முன் குழாயைப் பாருங்கள்.

லிட்டரை மொத்தமாகப் போடாமல் கலர் வாரியாகப் போட வேண்டும். 1,728 அடி ரெண்டு கோட், சேதாரத்தோடு முப்பது லிட்டர் என்று மொத்தமாகச் சொன்னால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கடையில் 1, 4, 10, 20 லிட்டர் என்றுதான் டப்பா இருக்கும். பெரிய டப்பாவில் லிட்டர் விலை கம்மி. கலர் கலக்கிற பேஸ் டப்பாக்களில் டின்டருக்கு இடம் விட்டுக் கொஞ்சம் குறைவாகவே ஊற்றியிருப்பார்கள், லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். கலக்கின பெயிண்டைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். வெள்ளையை எடுத்துக்கொள்வார், டப்பா திறக்காமல் இருந்தால்.

எங்களுக்கு ஹாலும் நடையும் ஒரே கலர், கழிவு போக 600 அடி. ரெண்டு கோட்டுக்குப் பத்து லிட்டர், சேதாரத்தோடு பத்தரை. ஆக 10+1.

பெட்ரூம் ரெண்டுக்கும் வேற வேற கலர் என்பது தங்கமணியின் திட்டம். தனித்தனியாகப் போட்டால் ஏழு ஏழு லிட்டர், ரெண்டுக்கும் 4+1+1+1. ஒரே கலர் என்றால் பத்து லிட்டர் டப்பா கை கொடுக்கும். இதைச் சொன்னதும், "அப்ப சரி, ஒரே கலர்" என்று இறங்கி வந்தார். மூணு வாரச் சண்டையில் நடக்காதது டப்பா சைஸில் நடந்தது :-)

ஆனால் பொண்ணுக்குத் தன் அறையில் ஒரு சுவர் மஞ்சள் வேண்டும். நல்ல எலுமிச்சை மஞ்சள். அந்தச் சுவர் 11 அடிக்கு ஒன்பதரை, 104 அடிதானே, ரெண்டு லிட்டர் போதும் என்று தோன்றும். போதாது. வெள்ளைப் பெயிண்டில் சுவரை மறைக்கிற வேலையைச் செய்வது டைட்டானியம் டை ஆக்சைடு. அடர்ந்த மஞ்சள், சிவப்பு மாதிரி நிறங்களில் அது கம்மி அல்லது இல்லவே இல்லை. அந்த நிறமிகள் பலதும் கண்ணாடி மாதிரி, அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மூணு கோட் என்று வைத்துக்கொண்டோம். 104×3, வகுத்தல் 120, ரெண்டு புள்ளி ஆறு. ஆக மூணு லிட்டர். மீதி பெட்ரூம் சுவர்கள் 674 அடி, பன்னிரண்டு லிட்டர், 10+1+1.

கிச்சனுக்கும் பாத்ரூமுக்கும் 350 அடி, ஆறு லிட்டர். சீலிங் பத்தரை, 11 லிட்டர். கூட்டினால் 11+12+3+6+11, மொத்தம் 43. கான்ட்ராக்டர் சொன்னது அறுபது.

பட்டிக்கும் இதே மாதிரிதான். சமமான சுவரில் ரெண்டு கோட் பட்டி கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி போகும். வீடு முழுக்க என்றால் நாற்பது கிலோ மூட்டை அஞ்சு வேண்டும், வாஸ்தவம். ஆனால் முழுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளையாக மாவு ஒட்டினால் அது பழைய டிஸ்டெம்பர், சுரண்டித்தான் ஆகணும். எங்களுக்குச் சின்ன பெட்ரூமில் மட்டும் ஒட்டியது. மற்ற இடங்களில் ஆணி ஓட்டை, வெடிப்பு. ரெண்டு மூட்டை போதும். பிரைமர் லிட்டருக்கு நூறு அடி என்று 20+4.

ஈரம் இருக்கிற சுவருக்கு எந்தக் கணக்கும் செல்லாது. புனேயில் ஜூனில் பிடிக்கிற மழை செப்டம்பர் வரை விடாது. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. கசிவை அடைக்காமல் மேலே பெயிண்ட் அடிப்பது, பல்வலிக்குப் பவுடர் போடுகிற மாதிரி.

இந்தக் கணக்கு நோட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கவலை வந்தது. ஜன்னல் கிரில்லிலும் மரக்கதவிலும் பழைய எனாமல். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தொண்ணூறுகளின் எனாமலில் என்ன இருக்கும் என்று யார் கண்டது? அதை உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி வீடு முழுக்கப் பறக்கும். குழந்தைகள் உடம்பில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பொண்ணுக்கு ஏற்கெனவே வீசிங். அதனால் தேய்ப்பதெல்லாம் தண்ணீர் வைத்துத் தேய்க்கிற வாட்டர் பேப்பர்தான், தூசியை ஈரத்துணியால்தான் எடுக்கணும், வேலை முடிந்து கழுவிவிடும் வரை பொண்ணு அந்தப் பக்கமே வரக் கூடாது என்று முடிவு செய்தோம். அதற்கு ஒரு நாள் கூலி அதிகமாகும். ஆகட்டும்.

எனாமலுக்கும் மாமனாரிடம் விதி இருந்தது. கதவைத் தட்டையாக அளந்தால் போதாது. வழவழ ஃப்ளஷ் கதவு என்றால் பக்கத்துக்கு 1.20ஆல் பெருக்கணும், சட்டம் போட்ட பேனல் கதவு 1.30, சாய்வுப் பலகை வைத்த லூவர் கதவு 1.80. இழுத்து மூடும் இரும்பு மடக்கு கேட் 1.50. பள்ளம் மேடு, ஓரம், சந்து எல்லாவற்றுக்கும் சேர்த்த பெருக்கல். எங்களுடையது ஃப்ளஷ் கதவு ரெண்டு, நாலு ஜன்னல் கிரில். நாலு லிட்டர் டப்பா ஒண்ணு.

இப்போது கான்ட்ராக்டரிடம் போக வேண்டும். நோட்டைக் காட்டினேன். பொறுமையாக ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தால், சிரித்தார்.

"சாப், அளவு சரிதான். ஆனா நீங்க சொல்ற 2,335க்குப் பன்னிரண்டு ரூபாய் போட்டா 28,000. தீபாவளி நேரத்துல ரெண்டு ஆள் பன்னிரண்டு நாள் வேலை. கட்டுப்படியாகாது. பதினாலு சொன்னா யாரும் கூப்பிடறதில்ல. அதனால பன்னிரண்டுன்னு சொல்லி ஏரியாவுல ஏத்திக்கறோம். எல்லாரும் அப்படித்தான்."

ஆட்டோ மீட்டருக்கு மேல் அம்பது ரூபாய் மாதிரி. ரேட் கம்மியாகத் தெரிய வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம், அந்த ஆசைக்கு ஏற்ற மாதிரி அவர்கள் அளவை ஊதுகிறார்கள். இதில் யார் யாரை ஏமாற்றுவது? ராத்திரி மாமனாரைக் கேட்டேன். "அளவுல விட்டுக் கொடுக்காதீங்க மாப்ள. ரேட்ல விட்டுக் கொடுங்க. அளவுங்கறது உண்மை, ரேட்டுங்கறது பேச்சு" என்றார். முப்பது வருஷ சர்வீஸை ஒரு வரியில் சொன்ன மாதிரி இருந்தது.

2,335 சதுர அடி, அடிக்குப் பதிமூன்றரை. 31,522 ரூபாய் வந்தது. அவர் முதலில் சொன்னதைவிட 4,600 கம்மி, நாங்கள் நினைத்ததைவிட 3,500 ஜாஸ்தி. ரெண்டு பேருக்கும் முகம் கோணாத இடம். வாட்டர் பேப்பர் வேலையும் அதிலேயே அடக்கம் என்று பேசிக்கொண்டோம்.

அறுபது லிட்டர் ஏன் என்பதற்கும் விடை கிடைத்தது, பெயிண்ட் கடையில். நிறைய பெயிண்ட் டப்பாக்களுக்குள் பெயிண்டர்களுக்கு என்று ஒரு டோக்கன் இருக்கும். கடையிலோ கம்பெனியிலோ கொடுத்தால் காசு. இப்போது போனில் ஸ்கேன் செய்கிற ரகமும் உண்டு. டப்பா கூடினால் டோக்கன் கூடும். வீட்டுக்காரர் காசில் பக்கெட் வாங்கப்படுகிறது, லாபத்தின் ஒரு துளி அதன் உள்ளேயே மிதக்கிறது. கான்ட்ராக்டர் சொல்கிற லிட்டரில் எத்தனை சுவருக்கு, எத்தனை டோக்கனுக்கு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

வேலை செய்ய வந்த ரெண்டு பேரும் பீகார், தர்பங்கா பக்கம். அவர்களுக்குச் சதுர அடிக் கணக்கெல்லாம் கிடையாது, தினக்கூலி. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜை. அதற்குள் ஊருக்குப் போயே ஆக வேண்டும். தானாப்பூர் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் கையில். பொங்கலுக்கு மும்பையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் நாம் டிக்கெட்டுக்குப் படுகிற பாட்டை நினைத்துக்கொண்டேன். ஊர்தான் வேற, வெயிட்டிங் லிஸ்ட் ஒண்ணுதான்.

தங்கமணி முதல் நாளே ஒரு விஷயத்தைக் கான்ட்ராக்டர் முன்னால் சொல்லிவிட்டார். "டோக்கன் யார் டப்பாவைத் திறக்கிறாங்களோ அவங்களுக்கு." கான்ட்ராக்டர் ஒரு நிமிஷம் யோசித்துத் தலையாட்டினார். அதோடு டப்பா கூடுவதற்கு அவருக்கும் காரணம் இல்லை. வேலை செய்கிறவர்களுக்கோ எதை எடுத்தாலும் நாங்கள் வாங்கின 43 லிட்டர்தான். தினம் சாயந்திரம் எத்தனை டப்பா காலி என்று நோட்டில் எழுதினோம். சந்தேகத்தால் இல்லை, மாமனார் ஒன்பது மணிக்குக் கேட்பாரே!

கணக்கு எப்படி நின்றது? ஹாலில் முக்கால் லிட்டர் மிச்சம். பெட்ரூம் கலர் அனேகமாகச் சரியாக முடிந்தது. மஞ்சள் சுவருக்கு மூணு கோட் தேவைப்பட்டது, மூணு லிட்டரும் போனது. சீலிங்கில் பழைய ஈரக் கறை இருந்த இடத்துக்கு இன்னொரு கோட் வேண்டியிருந்தது, ஒரு லிட்டர் வெள்ளை கூடுதலாக வாங்கினோம். ஆக 44. ஒரே கலரில் ரெண்டு டப்பா வந்தால் ஒரு பெரிய பக்கெட்டில் ஊற்றிக் கலந்துவிட்டு அடிக்கச் சொன்னோம். டப்பாவுக்கு டப்பா நிறம் மயிரிழை மாறினாலும் நடுச்சுவரில் கோடு தெரியும்.

நவம்பர் 8ஆம் தேதி வேலை முடிந்தது. 10ஆம் தேதி சாவியைப் பழைய வீட்டுக்காரரிடம் கொடுத்தோம். அந்த ரெண்டு பேரும் டோக்கன் காசை வாங்கிக்கொண்டு, வெயிட்டிங் லிஸ்ட் கன்ஃபர்ம் ஆகாமலே ஜெனரல் பெட்டியில் ஏறிவிட்டார்கள் என்று கான்ட்ராக்டர் சொன்னார்.

மாமனார் நோட்டின் பக்கங்களை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். ரெண்டு நாள் கழித்துத் தங்கமணியின் தம்பி போனில் ஒரு படம் அனுப்பினான். எங்கள் வீட்டு அளவு முழுக்கத் தன் கையெழுத்தில், கோடு போட்ட நோட்டில், சதுர மீட்டரில் மாற்றி எழுதியிருக்கிறார். 2,335 சதுர அடி, 217 சதுர மீட்டர். கீழே தேதி, கையெழுத்து. அவர் பார்க்காத வீட்டின் ஒவ்வொரு சுவரும் அவருக்கு இப்போது மனப்பாடம். சின்ன பெட்ரூம் ஜன்னலுக்குத் திரைச்சீலை எத்தனை மீட்டர் என்று பேச்சு வந்தபோது எங்களுக்கு முன்னால் பதில் சொன்னது அவர்தான்.

இதைப் படித்துவிட்டு டேப்பைத் தேடுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கலரிலும் கால் லிட்டராவது இறுக மூடி, கலர் கோடு எழுதின ஸ்டிக்கரோடு பரணில் வையுங்கள். ஸ்டிக்கர் உரிந்து போகும், அதனால் அந்த எண்ணைக் கதவுக்குப் பின்னால் பென்சிலால் ஒரு மூலையில் எழுதிவிடுங்கள். நாலு வருஷம் கழித்து டி.வி.யை இடம் மாற்றும்போது அந்த ஓட்டையை அடைக்க எத்தனை லிட்டர் என்று யாரையும் கேட்க வேண்டாம்.